தண்ணி ரூம் ராயப்பராஜ்

எனக்குத் தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ராயப்பராஜைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்கும்போது அவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு நான் அவரிடம் எவ்வளவு கேவலமாக நடந்துகொண்டேன் என்பதும் தெரிந்துவிடும். தெரியட்டும். திண்டுக்கல்லில் பதினெட்டு வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். சார்லஸ் சார் என்றால் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடப் பிரம்புதான் ஞாபகம் வரும்.

சிறுநீரகப் பாடம் எனக்கு மனப்பாடம். அவரை விதை மாதிரி இரண்டு படம் போடுவேன். "இவை நம் உடலின் வடிகட்டிகள்" என்று பக்கத்தில் எழுதுவேன். ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டும், அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே தள்ளிவிட்டு மிச்சம் அத்தனையையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடும் என்பேன். ஒப்பித்தேனே தவிர, அதை நினைத்து ஒரு நாளும் ஆச்சரியப்பட்டதில்லை. 1998-ல், என் நாற்பத்தோராவது வயதில், என்னுடைய இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. ரத்தக் கொதிப்பை வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்டதன் பலன். அதற்குப் பிறகுதான் அந்த நூற்றெண்பது லிட்டர் எம்புட்டுப் பெரிய விஷயம் என்று உறைத்தது.

அந்த வருஷம்தான் ஊருக்குள் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று டயாலிசிஸ் மெஷின் போட்டிருந்தார்கள். அதற்கு முன் எல்லோரும் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். எனக்குத் திங்களும் வியாழனும், காலை ஆறு மணி. ஒரு சாணுக்குச் சற்று நீளமான குழாய் ஒன்று மெஷினில் நிற்கும். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைக்குள்ளே நம் ரத்தம் ஓடும், இழைக்கு வெளியே தண்ணீர் ஓடும். ரத்தத்தில் இருக்கும் கழிவு அந்த இழையின் சுவர் வழியே கசிந்து தண்ணீருக்குப் போய்விடும். நாலு மணி நேரத்தில் நூற்றிருபது லிட்டர் தண்ணீர் இப்படி நம் ரத்தத்தை உரசிக்கொண்டு போகும். சாதாரண மனிதர் இரண்டு மாதத்தில் குடிக்கிற தண்ணீர் அது.

என் எரிச்சல் என்னவென்றால், ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஆறரை வரைக்கும் ஊசி குத்த மாட்டார்கள். டெக்னீஷியன் பானுப்ரியாவிடம் கேட்டால், "தண்ணி ரூம்ல ராயப்பராஜ் அண்ணே இன்னும் சொல்லல சார்" என்பாள். முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாவது வாரம் யார் அந்தப் பெரிய மனிதர் என்று பார்க்க எழுந்து போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட அறை. ஆள் உயரத்துக்கு மூன்று தொட்டிகள் வரிசையாக நின்றன. முதலாவதில் மணல், இரண்டாவதில் கரி, மூன்றாவது நம்ம ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பை எடுப்பதற்கு. அதற்கப்புறம் உப்பை நிறுத்துகிற ஆர்.ஓ. மெஷின். காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் ஒருவர், விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, பூசையில சாமியாரு நன்மை அப்பத்தத் தூக்குற மாதிரி தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? அங்க மூணு பேரு படுத்துக் கெடக்கோம்."

"செத்த நேரம் சார். மஞ்ச வருதான்னு பாத்துட்டுச் சொல்லிர்றேன்."

"மஞ்ச வந்தா?"

"தண்ணியில குளோரின் இருக்குன்னு அர்த்தம் சார். நான் ஆத்தூர் குடிதண்ணி நெலயத்துல வேல பாத்தப்பவும் இதே குழாதான், இதே சொட்டு மருந்துதான். அங்க மஞ்ச வந்தாத்தான் தண்ணிய ஊருக்குள்ள விடுவோம். இங்க மஞ்ச வந்தா விடவே கூடாது. அது குடிக்கிற தண்ணி. இது ரத்தத்துல படுற தண்ணி, செவப்பணுவ ஒடச்சுப்புடும்."

ஜன்னலில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. அதில் ஐந்து கெண்டைக் குஞ்சுகள் சுற்றிக்கொண்டிருந்தன. இது எதற்கு என்று கேட்டேன். ஆத்தூர் அணையிலிருந்து கொண்டுவந்ததாம். கரித் தொட்டியைத் தாண்டி வருகிற தண்ணீரைத்தான் தினமும் அதில் மாற்றி ஊற்றுவாராம். "சொட்டு மருந்து சொல்லும் சார். இதுகளும் சொல்லும்" என்றார். இது ஆஸ்பத்திரியா மீன் கடையா என்று கேட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். அன்றும் ஆறரைக்குத்தான் ஊசி குத்தினார்கள்.

அவர் கதையை எனக்குச் சொன்னது பக்கத்துக் கட்டில் ஜோஸ்பின். ராயப்பராஜின் மனைவி. மூன்றாம் நம்பர் மெஷின் ஜோஸ்பினுக்கு, இரண்டாம் நம்பர் எனக்கு. நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும்போது வேறு என்ன செய்ய? நான் பதில் பேசாவிட்டாலும் அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

ராயப்பராஜுக்குச் சொந்த ஊர் அகரம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் போனவர், பத்தொன்பது வயதில் ஆத்தூரில் குடிநீர் வடிகட்டும் இடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். பெரிய மணல் படுகைகள் அங்கே. அணைத் தண்ணீர் மேலே நிற்கும், மெதுவாக மணலுக்குள் இறங்கி அடியில் தெளிவாக வெளியே வரும். மணலின் மேல் நாளாக நாளாக வழவழவென்று ஒரு படலம் படியும். அது ரொம்பத் தடித்துத் தண்ணீர் இறங்காமல் போகும்போது, தட்டையான மண்வெட்டியால் மேலாக அரை அங்குலம் மட்டும் வழித்தெடுக்க வேண்டும். அதுதான் ராயப்பராஜின் வேலை. பதினேழு வருஷம் அதைச் செய்தார்.

"வழிச்ச ஒடனே தண்ணிய ஊருக்கு விட மாட்டாகளாம் சார்" என்றார் ஜோஸ்பின். "அந்த வழவழப்பு மறுபடி படியுற வரைக்கும் வர்ற தண்ணிய வீணா வெளிய விட்ருவாகளாம். அந்தத் தோலுதான் கிருமியத் திங்குதாம். மணலு சும்மா அதத் தாங்கிக்கிட்டு கெடக்காம். இவுகதான் சொல்லுவாக."

எனக்குச் சுருக்கென்றது. மணல், கூழாங்கல், சரளை என்று அடுக்கடுக்காகப் படம் போட்டு, "மணல் கிருமிகளை வடிகட்டுகிறது" என்று எழுதினால் முழு மார்க் போட்டவன் நான். பாசி என்றால் அழுக்கு என்று சொல்லிக் கொடுத்தவன். மண்வெட்டியோடு நின்ற தினக்கூலிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

1997-ல் ஜோஸ்பினுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. வாரம் இரண்டு நாள் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தார் ராயப்பராஜ். திண்டுக்கல்லில் மெஷின் வரப்போகிறது, தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வந்து நின்றார். மணலும் தண்ணீரும் தெரிந்த ஆள் கிடைத்தாரே என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா உடனே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

ஜோஸ்பினுக்கு ஒரு பழக்கம். நான் வந்து படுத்ததும் தலையைத் திருப்பி, "சார், நேத்து என்ன சாப்ட்டீங்க?" என்பார். எங்களுக்குப் பொட்டாசியம் ஆகாது. சிறுநீரகம் இருந்தால் அது கூடுதலை வெளியே தள்ளிவிடும். இல்லாதவர்களுக்கு ரத்தத்திலேயே தங்கி நெஞ்சை நிறுத்திவிடும். அதனால் காய்கறியை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் தாளிக்க வேண்டும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதுதான் எங்கள் வெஞ்சனம். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, மாம்பழம் கூடவே கூடாது. "சொரக்கா வடிச்சது" என்று நான் சொன்னால், "எங்க வீட்லயும் அதான் சார், வைக்கோல் தின்ன மாதிரி இருந்துச்சு" என்று சிரிப்பார். நத்தத்து மாம்பழம் என்றால் அவருக்கு உயிராம். நோய் வந்த நாளிலிருந்து ஒரு துண்டு தொட்டதில்லை.

1999 மே மாதம். நத்தத்தில் இருக்கும் என் தங்கை அமலராணியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மைச் சடங்கு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், கூடத்தில் வைக்கோல் பரப்பி அதன்மேல் மாம்பழமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாசனை வாசல் வரைக்கும் வருகிறது. ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும் என்று தொட்டேன். நாலு பழம் தின்றேன். கொட்டையைக்கூட விடவில்லை. அமலராணி பார்த்துவிட்டு, "அண்ணே, போதும்ணே" என்று கையைப் பிடித்தாள். அவளையும் கத்தினேன். அவள்தான் பின்னால் தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அது வேறு கதை.

திங்கள்கிழமை விடிந்தபோது கால் என் கால் மாதிரி இல்லை. உதடு மரத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். டாக்டரம்மா இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் முகம் மாறியது. "என்ன சாப்ட்டீங்க?" என்றார். சொன்னேன். நெஞ்சுக்குப் பாதுகாப்பாக ஒரு ஊசி போட்டார். இது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்க முடியாது, உடனே மெஷினில் போட வேண்டும் என்றார். பானுப்ரியா மெஷின் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் ராயப்பராஜ் உள்ளே வந்தார். அதுவரை அவர் வார்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"டாக்டரம்மா, தண்ணி மஞ்சளா வருது. ஓட்ட வேணாம்."

"லேசாவா?"

"லேசா இல்லம்மா. கரியத் தாண்டியும் எலுமிச்சம்பழமாட்டம் வருது. வால்வ அடச்சுட்டேன்."

நடந்தது இதுதான். ஊரில் குழாய்த் தண்ணீர் வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. அகரம் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு டேங்கர் லாரி விடியற்காலையில் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். டிரைவர் பெயர் சோலைமுத்து, நல்ல மனுஷன். ஊருக்குள் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று அந்த வாரம் ஒரே பேச்சு. தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற தண்ணீராயிற்றே, சுத்தமாக இருக்க வேண்டாமா என்று சோலைமுத்து அன்பாக நினைத்தார். மற்றவர்களுக்கு ஒரு மடங்கு போட்டால் எங்களுக்கு நாலு மடங்கு போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். கரித் தொட்டிதான் குளோரினைப் பிடிக்க வேண்டும். கோடை முழுக்கப் பிடித்துப் பிடித்து ஓய்ந்திருந்த கரி, இந்த வெள்ளத்துக்குக் கையை விரித்துவிட்டது. அதற்கடுத்த ஆர்.ஓ. சவ்வு உப்பை நிறுத்தும், குளோரினை நிறுத்தாது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் நெஞ்சு எந்த நிமிஷமும் நின்றுவிடும், இந்த ஆள் குறுக்கே நிற்கிறார் என்பதுதான்.

"யோவ், என்ன வெளையாடுறியா? செத்துக்கிட்டு இருக்கேன்யா நானு. அந்த மருந்து பழசாப் போயிருக்கும். பத்தாவதுல கோட்ட விட்டவன் பேச்சக் கேட்டா ஆஸ்பத்திரி நடக்குது?"

"மருந்து போன மாசந்தான் சார் ஒடச்சேன்."

"ஒம் பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா இப்படி மறிச்சுக்கிட்டு நிப்பியா?"

"அவளுக்கும் சேத்துத்தான் சார் நிறுத்தியிருக்கேன்."

"அவ தாங்குவா. நான் தாங்க மாட்டேன்!"

ஜோஸ்பின் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் நீர் கோத்து அவர் கால் வீங்கியிருந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. நான் பார்க்கத்தான் செய்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

டாக்டரம்மா மதுரைக்குப் போன் போட்டார். சாயங்காலம்தான் இடம் என்றார்கள். ரிசீவரை வைத்துவிட்டு, ராயப்பராஜைப் பார்த்து, "நல்லாத் தெரியுமாய்யா?" என்றார். அவர் வெளியே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் மீன் ஜாடி, இன்னொரு கையில் அன்றைய தண்ணீர் பிடித்த கண்ணாடி டம்ளர். இரண்டையும் என் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தார். ஒரு மீனை வலையால் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு டம்ளருக்குள் விட்டார்.

முதலில் சாதாரணமாகத்தான் சுற்றியது. அப்புறம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்தது. பத்து நிமிஷத்துக்குள் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. ராயப்பராஜ் சட்டென்று அதை அள்ளி ஜாடியில் போட்டார். போட்டுவிட்டு எங்கள் யாரையும் பார்க்காமல், அது நிமிர்கிறதா என்று ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவுளும் என் பாடத்தில் உண்டு. மெல்லிய தோல், ஒரு பக்கம் மீனின் ரத்தம், மறுபக்கம் தண்ணீர். தண்ணீரில் இருக்கும் காற்றை மட்டும் அது உள்ளே எடுத்துக்கொள்ளும். என் தலைமாட்டில் நின்ற இழைக் குழாயும் அச்சு அசல் அதே ஏற்பாடுதான். அந்த மீனுக்கு நடந்தது எனக்கும் ஜோஸ்பினுக்கும் நூற்றிருபது லிட்டரில் நடந்திருக்கும். வாத்தியாராக இருந்தும் அன்றைக்குத்தான் எனக்கு இரண்டும் ஒன்று என்று தெரிந்தது.

"ரெண்டு மணி நேரம் குடுங்கம்மா" என்றார் ராயப்பராஜ். "கரிய மாத்திர்றேன்."

வேடசந்தூர் சாலையில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, வடிகட்டுவதற்கென்று பக்குவப்படுத்தி அனுப்புகிற ஆலை ஒன்று இருந்தது. அடுத்த நடை தண்ணீரோடு வந்த சோலைமுத்துவை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "நல்லதுன்னு நெனச்சுல்லண்ணே போட்டேன்" என்றார். "தெரியும்லே, ஏறு வண்டியில" என்றார் ராயப்பராஜ். அதற்குமேல் ஒரு சொல் திட்டவில்லை. அந்த டேங்கரிலேயே இருவரும் போய் நாலு மூட்டை சிரட்டைக் கரியோடு திரும்பினார்கள். பழைய கரியை இருவருமாக அள்ளிக் கொட்டினார்கள். புதுக் கரியை நிரப்பி, கறுப்புத் தூள் போய்த் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசினார்கள். ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. கண்ணும் பல்லும் தவிர இருவரும் முழுக்கக் கறுப்பாக இருந்தார்கள். சொன்ன இரண்டு மணி நேரம் நாலாகிவிட்டது, இடையில் டாக்டரம்மா எனக்கு இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டார்.

மறுபடி வார்டுக்குள் வந்த ராயப்பராஜ் வாசலிலேயே நின்றார். காலில் கரி.

"தெளிஞ்சுருச்சும்மா. ஆனா மெதுவாத்தான் விடணும். வேகமா விட்டா கரிக்குப் புடிக்க நேரம் பத்தாது. மணல்லயும் அப்படித்தான், மெதுவா எறங்குற தண்ணிதான் சுத்தம். மூணுல ஒரு பங்கு வேகத்துல விடுறேன். அதுல ஒரு மெஷின்தான் ஓடும்."

ஒரு மெஷின். முதல் கட்டிலில் இருந்தவருக்கு ஒரு நாள் தள்ளினாலும் பரவாயில்லை, அவரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் நானும் ஜோஸ்பினும். அன்றைய பட்டியலில் ஜோஸ்பின் பெயர்தான் முதலில் இருந்தது. டாக்டரம்மா ஒரு தடவை அவர் காலை அழுத்திப் பார்த்தார், ஒரு தடவை என் இ.சி.ஜி. தாளைப் பார்த்தார். ராயப்பராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டியல்படி நடந்திருக்கும்.

ஜோஸ்பின்தான் பேசினார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"சாருக்கு மொதல்ல போடுங்க டாக்டரம்மா. நான் மாம்பழம் திங்கலைல்ல. தாங்குவேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். குத்திக் காட்டுகிற சிரிப்பு இல்லை. நிஜமாகவே கேலி. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பதினொன்றேகாலுக்கு எனக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. மூன்றேகால் வரைக்கும், கால் மணிக்கு ஒரு தடவை, தண்ணி ரூம் ஜன்னலில் ஒரு கறுத்த கை கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினாறு தடவை. என் கால் மறுபடி என் காலாயிற்று. மூன்றே முக்காலுக்கு ஜோஸ்பினுக்குப் போட்டார்கள். அதற்குள் அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவருக்கும் பதினாறு தடவை அந்தக் கை தூக்கியிருக்கும். அவரும் தப்பித்தார். சாய்ந்த மீனும் தப்பித்தது. அதற்குப் பிறகு அது கொஞ்சம் கோணலாகத்தான் நீந்தும்.

ஒரு மன்னிப்புக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு வாய் வரவில்லை. நான் செய்ததெல்லாம், ஆறரை வரை காத்திருக்கும்போது முணுமுணுப்பதை நிறுத்தியதும், அவரை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்ததும்தான். பள்ளியில் இன்னொன்றும் செய்தேன். பிள்ளைகளை வாளியில் மணல் படுகை கட்டச் சொல்லி, குளத்துத் தண்ணீரை மூன்று வாரம் விடாமல் ஊற்றவைத்தேன். மேலே வழவழப்பு படிந்ததும் ஒருவன் கழுவப் போனான். "தொடாதே, அதுதான் வேலை செய்யுது" என்றேன். யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் சொன்னேன். பேர் சொல்லியே சொன்னேன். பிள்ளைகளிடம் சொல்ல முடிந்தது. அவரிடம் சொல்ல முடியவில்லை.

சோலைமுத்து அதற்கப்புறம் தண்ணீரை இறக்கும் முன்பே சொட்டு மருந்து கேட்டு வாங்கித் தானே பார்த்தார். ஜோஸ்பின் ஒவ்வொரு திங்களும் வியாழனும் தலையைத் திருப்பி, "சார், நேத்து என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டார். மே மாதம் வந்தால் குரலில் கொஞ்சம் அதட்டலும் சேர்ந்துகொள்ளும். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

2001 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வீட்டில் வைத்து ஜோஸ்பின் இறந்துபோனார். நெஞ்சு களைத்துப்போயிருந்தது என்றார் டாக்டரம்மா. தண்ணீரிலோ மெஷினிலோ எந்தக் குறையும் இல்லை. சனிக்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ராயப்பராஜ் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கையைத் தட்டாமல் அப்படியே நின்றார். நான் பின்வரிசையில் நின்றேன்.

அவர் ஆத்தூரை விட்டு வந்ததே ஜோஸ்பினுக்காக. இனி அந்தத் தகர அறையில் அவருக்கு என்ன இருக்கிறது? அங்கேயே திரும்பிப் போய்விடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்படிப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஒரே பயம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பயத்தில் பாதி ஜோஸ்பின் போன துக்கம். மீதிப் பாதி, நாளைக்கு என் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடப்போகிற தண்ணீரை யார் பார்ப்பார்கள் என்பது.

திங்கள் ஆறு மணிக்குப் போனேன். மூன்றாம் நம்பர் கட்டிலில் வெளுத்த விரிப்பு போட்டிருந்தார்கள். பானுப்ரியா கண் சிவந்திருந்தது. தண்ணி ரூமைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். ஆறே கால். ஆறு இருபது.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ராயப்பராஜ். சவரம் செய்யாத முகம், அதே காக்கிச் சட்டை. அந்த மாம்பழத் திங்களுக்குப் பிறகு அவர் என் கட்டில் வரைக்கும் வந்தது இதுதான் முதல் தடவை. கையில் கண்ணாடிக் குழாய். என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"தெளிவா இருக்கு சார்."

தலையாட்டினேன். அவர் போகவில்லை. குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலியாக இருந்த மூன்றாம் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"சார், நேத்து என்ன சாப்ட்டீங்க?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"ஜோஸ்பினு கேக்கச் சொல்லியிருந்தா சார். நான் இல்லாட்டி சாரு மாம்பழத்தத் தின்னு வச்சுருவாரு, வர்றப்பல்லாம் கேளுங்கன்னு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. இரண்டரை வருஷமாக வராத வார்த்தை அப்போதுதான் வந்தது. "அன்னைக்கு நான் பேசுனதுக்கு என்னய மன்னிச்சிருங்க ராயப்பராஜ்" என்றேன். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதேன்.

"அது கெடக்கு சார்" என்றார். "மொதல்ல சாப்ட்டதச் சொல்லுங்க."

"மூணு இட்லி. மதியம் சோறு, சொரக்கா. வடிச்சதுதான். வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பானுப்ரியாவிடம், "போடும்மா" என்று சொல்லிவிட்டு, வால்வைத் திறக்கப் பின்பக்கம் போனார்.